பன்னிரண்டடிக்குள் ஒரு குதிரை

அறுவைச் சிகிச்சை முடிந்து குதிரை லாயத்துக்குத் திரும்பிய முதல் வாரத்தில் எல்லோரும் சொன்னபடி கேட்பார்கள். வயிற்றில் தையல் இருக்கும், அல்லது காலில் பெரிய கட்டு இருக்கும். குதிரையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். மருத்துவர் "வெளியில் விட வேண்டாம்" என்றால் யாருக்கும் மறுபேச்சு இருக்காது. சிக்கல் நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் வருகிறது. வீக்கம் வடிந்துவிடும். மழித்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கும். குதிரை கதவை உதைக்கும், கனைக்கும், தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்க்கும். பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. "இவ்வளவு தெம்பு வந்த பிறகும் ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்? கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டால்தான் என்ன?"

கேள்வியில் இரக்கம் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் அது மேல்தோலைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. பதில் உள்ளே இருக்கிறது.

குடல் முறுக்கிக்கொண்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்த குதிரையை எடுத்துக்கொள்வோம். குதிரைகளுக்கு அவசரமாகச் செய்யப்படும் பெரிய அறுவைகளில் இதுவே முதன்மையானது. அடிவயிற்றின் நடுக்கோட்டில், தசைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிற வெள்ளை நார்ப்பட்டையை நீளமாகக் கீறித்தான் உள்ளே போவார்கள். மனிதருக்கு வயிற்றில் அறுவை நடந்தால் மல்லாந்து படுத்துக்கொள்ளலாம், தையலின்மேல் பாரம் இல்லை. குதிரைக்கு அந்தத் தையல்தான் தரை. பெருங்குடலும் அதற்குள் இருக்கிற நீரும் தீவனமும் சேர்த்து நூறு கிலோவைத் தொடும் சுமை, இரவும் பகலும் அந்த ஒரு கோட்டின்மேல் தொங்குகிறது. தோல் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடும். நார்ப்பட்டை தன் பழைய பலத்தை எட்ட ஏறக்குறைய எட்டு வாரம் ஆகிறது. அதுவரை தாங்கிக்கொண்டிருப்பது தையல் நூல். நாளாக ஆக நூல் பலம் குறைந்துகொண்டே வரும், நார்ப்பட்டை பலம் ஏறிக்கொண்டே வரும். இரண்டும் கைமாறுகிற அந்த நடுக்காலத்தில்தான் குதிரை பார்ப்பதற்கு முழுசாகத் தேறிவிட்டது போல நிற்கிறது. அப்போது அவிழ்த்துவிட்டு, அது முதுகை வளைத்து நான்கு துள்ளல் துள்ளினால், பட்டை விட்டுப்போய்க் குடலிறக்கம் வரலாம். தையலில் சீழ் பிடித்திருந்த குதிரைக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிது.

அதனால்தான் பல மருத்துவமனைகளில் ஒரு முப்பது நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் 30 நாள் லாயத்து அறை, தினமும் கையில் பிடித்துச் சிறிது நடை. அடுத்த 30 நாள் சிறிய பட்டி. அதற்கடுத்த 30 நாள் வழக்கமான மேய்ச்சல் வெளி. சவாரி அதற்குப் பிறகு. குதிரைக்குக் குதிரை, அறுவைக்கு அறுவை இது மாறும். தையலில் கோளாறு இருந்தால் நீளும். மாறாதது அதன் வரிசை. அறை, பிடித்த நடை, சிறு பட்டி, பெருவெளி என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய படிகளில் காத்திருந்ததெல்லாம் வீண்.

கால் எலும்பென்றால் கணக்கு வேறு. குதிரையின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை கிடையாது என்றே சொல்லலாம். எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் ஒரு கணத்துக்கு உடல் எடையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு விசையைத் தாங்குகிறது. 500 கிலோ குதிரைக்கு அது ஒரு டன்னுக்கு மேல். முறிந்த எலும்பைத் தகடும் திருகும் வைத்துச் சேர்க்கும்போது, அந்தத் தகடு நிரந்தரத் தூண் என்று நினைத்துவிடக்கூடாது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் முறிந்துபோகும், தகடும் அப்படித்தான். எலும்பு சேர்வதற்குள் உலோகம் களைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அடைத்து வைப்பதன் நோக்கம்.

சரிசெய்த கால் எவ்வளவு எளிதில் மறுபடி போய்விடும் என்பதை உலகம் முழுக்க அறிந்த நாள் ஒன்று உண்டு. 1975 ஜூலை 6-ஆம் தேதி, நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க் ஓட்டக்களம். அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் தோற்காத ரஃபியன் என்ற பெண் குதிரை, அந்த ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற ஃபூலிஷ் பிளெஷர் என்ற ஆண் குதிரையோடு தனிப்போட்டியாக ஓடியது. பாதியிலேயே ரஃபியனின் வலது முன்னங்காலில், குளம்புக்கு மேலே உள்ள கணுவின் பின்புறத்துச் சிறு எலும்புகள் இரண்டும் நொறுங்கின. அன்றிரவே அறுவை நடந்தது. மயக்கம் தெளிந்து எழுந்த குதிரை, படுத்த நிலையிலேயே இன்னும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருப்பதுபோலக் கால்களை வீசியது. மாவுக்கட்டு நொறுங்கியது, பழுதுபார்த்த காலும் போனது. மறுநாள் விடியுமுன் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு நேரெதிர் மில் ரீஃப். 1971-இல் எப்சம் டெர்பி, பாரிஸின் ஆர்க் பந்தயம் இரண்டையும் வென்ற குதிரை. 1972 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிங்ஸ்கிளியர் பயிற்சித் திடலில் முன்னங்கால் முறிந்தது. அங்கேயே அறுவை செய்து தகடு பொருத்தினார்கள். அப்புறம் வாரக்கணக்கில் காலில் கட்டோடு அறைக்குள். மில் ரீஃப் அமைதியான குதிரை, கையாளுகிறவர்களை நம்பும் குதிரை. சொன்ன இடத்தில் நின்றது, படுத்தது, பார்த்து எழுந்தது. பந்தயத்துக்குத் திரும்பவில்லை, ஆனால் நியூமார்க்கெட்டின் தேசியப் பண்ணையில் பொலிகுதிரையாக வாழ்ந்தது. அதன் வாரிசுகளில் ஷெர்லி ஹைட்ஸ் 1978-இலும் ரெஃபரன்ஸ் பாயிண்ட் 1987-இலும் டெர்பி வென்றன. இரண்டு முறிவுகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பது உண்மை. ஆனாலும், பிழைப்பதில் கத்தி பாதி, குணம் பாதி என்று குதிரைக்காரர்கள் சொல்வதற்கு இந்த இரண்டும் நல்ல சாட்சிகள்.

குணத்தை நாம் மாற்ற முடியாது. சூழலை மாற்றலாம். அடைத்து வைத்த குதிரையைப் பராமரிப்பது என்பது பெரும்பாலும் அந்த வேலைதான்.

முதலில் அறை. சாதாரணமாகப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. குதிரை சுலபமாகத் திரும்ப வேண்டும், படுத்து எழ வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். எழுவதைச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குப் பழக்கமான மாடு பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்னங்காலை ஊன்றும். குதிரை தலைகீழ். முன்னங்கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டு, பின்னங்கால்களால் உந்தி ஒரே வீச்சில் எழும். தரை வழுக்கினால் அந்த ஒரு வீச்சிலேயே காயம்பட்ட கால் கோணிக்கொள்ளும். எனவே சிமென்ட் தரையில் நாலு பிடி வைக்கோல் தூவினால் போதாது. ரப்பர் விரிப்பு, அதன்மேல் தடிப்பாக மரத்தூளோ உமியோ வேண்டும். குதிரை நின்றபடியே கண்ணயரும், உண்மை. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். படுக்கப் பயப்படுகிற குதிரை சில நாளில் நின்றபடியே முட்டி மடங்கி விழும்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கி வருகிற பலருக்கு லாயமோ பட்டியோ இருக்காது, ஒரு கொட்டகையும் கட்டுத்தறியும் இருக்கும். "அடைத்து வைக்கச் சொன்னார்கள், கட்டி வைத்திருக்கிறேன், இரண்டும் ஒன்றுதானே?" என்பார்கள். ஒன்றல்ல. குட்டையான கயிற்றில் தலை உயர்ந்தே நிற்கிற குதிரையால் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. அதற்குத் தலையைத் தாழ்த்த வேண்டும். பல மணி நேரம் அப்படியே நின்றால் நுரையீரல் தொற்று வரலாம். நீளமான கயிறென்றால் கால் சிக்கிக்கொள்ளும். சிக்கிய குதிரை நிதானமாக யோசித்து விடுவித்துக்கொள்ளாது, பதறி இழுக்கும். சில வகை முறிவுகளுக்குக் குதிரை படுக்கவே கூடாது என்று மருத்துவரே கட்டச் சொல்வதுண்டு, அது தனி விஷயம், ஆள் கூடவே இருந்து பார்ப்பது. மற்றபடி நாலு மூங்கிலை வைத்துத் தடுத்தாவது ஓர் அறை செய்துகொள்வது கட்டிப்போடுவதைவிட நல்லது.

அடுத்தது வயிறு. திறந்தவெளியில் இருக்கும் குதிரை நாளில் பதினாறு மணி நேரம் வரை மேயும், மேய்ந்தபடியே நடக்கும். அந்த நடைதான் அதன் குடலை நகர்த்துகிறது. திடீரென்று நடையை நிறுத்தினால் குடலும் மந்தமாகும், தீவனம் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். கால் அறுவைக்குப் போன குதிரை வயிற்றுவலியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எனவே லத்தியை எண்ண வேண்டும். நன்றாக இருக்கிற குதிரை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை போடும். எண்ணிக்கை பாதியானாலோ, உருண்டைகள் சிறுத்துக் காய்ந்து போனாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடலாம், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாமல் இறங்குகிறதா என்று வாளிக்கணக்கில் பார்க்க வேண்டும். தானியங்கி நீர்த்தொட்டி வசதிதான், ஆனால் குதிரை எவ்வளவு குடித்தது என்று அது சொல்லாது.

தீவனத்தில்தான் அன்பு அதிகமாகித் தவறு நடக்கிறது. "ஆபரேஷன் ஆன உடம்பு, தெம்பு வேண்டாமா?" என்று கொள்ளையும் ஓட்ஸையும் கூட்டிப் போடுவார்கள். வேலை செய்யாத குதிரைக்கு அந்தத் தெம்பு கதவை உதைக்கத்தான் பயன்படும். தானியத்தை அடியோடு குறைத்து, காய்ந்த புல்லை உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை, அதாவது 450 கிலோ குதிரைக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே போதும். சிறுகண் வலைப்பையில் போட்டால் மெதுவாக இழுத்துத் தின்னும், நேரமும் போகும். குடல் அறுவையானால் முதல் நாட்களின் தீவனத்தை மருத்துவர் தனியாக எழுதிக் கொடுப்பார். அங்கே நம் யோசனைக்கு இடமில்லை.

நேரம் போவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அப்படியில்லை. தனிமையில் அடைபட்ட குதிரை இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும், கதவின் விளிம்பைக் கடித்துக் காற்றை விழுங்கும், அறையைச் சுற்றிச் சுற்றி நடக்கும். சுற்றி நடக்கிற குதிரை ஓய்வில் இருப்பதாகக் கணக்கில்லை, அறைக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இன்னொரு அமைதியான குதிரை இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பந்தய லாயங்களில் பல காலமாக ஆட்டைத் துணைக்கு விடுவார்கள். நம் கிராமத்துக் கொட்டகையில் இதற்குச் செலவே இல்லை. துணையே கிடைக்காத இடத்தில் சுவரில் உடையாத கண்ணாடி பொருத்துவார்கள். தலையாட்டும் பழக்கம் அதனால் குறைவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். துணைக் குதிரையை வெளியே கூட்டிப்போகிற நேரம்தான் மோசமான நேரம். உள்ளே இருப்பது தவியாய்த் தவிக்கும். இரண்டு குதிரை துணைக்கு வைத்து, ஒன்று போனால் மற்றொன்று நிற்கும்படி செய்ய முடிந்தால் உத்தமம்.

நின்றுகொண்டே இருப்பதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பார்பரோவைப் பார்க்க வேண்டும். 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை. இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று பிரீக்னெஸ் பந்தயத் தொடக்கத்திலேயே வலது பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. பென்சில்வேனியாவின் நியூ போல்டன் மருத்துவமனையில் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் தகடும் 27 திருகுகளும் வைத்துச் சேர்த்தார்கள். ரஃபியனுக்கு நேர்ந்தது நேராமலிருக்க, மயக்கம் தெளியும்வரை குதிரையை மிதவையில் வைத்து நீச்சல்குளத்துக்குள் இறக்கி வைத்தார்கள். காலை வீசினாலும் தண்ணீரில்தானே வீசும். முறிந்த கால் நன்றாகவே சேர்ந்து வந்தது. ஆனால் ஜூலையில் நல்ல கால், இடது பின்னங்கால், விட்டுப்போனது. குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய அடுக்குகள் அழன்று பிரிவதை லாமினைட்டிஸ் என்பார்கள். வலிக்கிற காலைத் தூக்கிவிட்டு நல்ல காலிலேயே ஓயாமல் நின்றால், அந்த அடுக்குகளுக்கு ரத்தம் போவதில்லை. பாரம் ஏறி இறங்கினால்தான் ரத்தம் உள்ளே வந்து போகும். பார்பரோவின் குளம்பு ஓட்டில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் அது தேறுவதுபோலிருந்தது. ஆகஸ்டில் தினமும் கையில் பிடித்து வெளியே கூட்டிப்போய்ப் புல் மேய விட்டார்கள். ஆனால் குளம்புத் தொல்லை திரும்பி வந்தது, முன்னங்கால்களுக்கும் பரவியது. 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்தார்கள்.

அடைத்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு பார்பரோவின் நல்ல கால்தான் நினைவுக்கு வரும். நகரவே விடாமல் வைப்பதும் அபாயம், இஷ்டத்துக்கு நகர விடுவதும் அபாயம். நடமாட்டத்தை மருந்துபோல அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. தசைநாண் காயத்தில் இது இன்னும் வெளிப்படை. அறுந்த நாரிழைகள் முதலில் தாறுமாறாகத்தான் வளரும். மெல்லிய, சீரான நடையின் இழுவைதான் அவற்றை ஒரே திசையில் படிய வைக்கிறது. அந்தப் படிமானம் முடிய ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். இடையிடையே ஸ்கேன் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போவார்கள். நொண்டவில்லை என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை.

பிடித்து நடத்துவது ஐந்து பத்து நிமிஷத்தில் தொடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, வாரத்துக்கு ஐந்து நிமிஷம் என்று கூடும். சொல்லக் கேட்கச் சுலபம், ஆனால் நாலு வாரம் அடைபட்ட குதிரை கதவைத் தாண்டியதும் பட்டம் மாதிரி மேலே போகும். தலைக்கயிறு மட்டும் போட்டு அழைத்துவர வேண்டாம், கடிவாளம் மாட்டுங்கள். கையுறை, தலைக்கவசம் போடுங்கள், காலில் செருப்போடு போகாதீர்கள். கயிற்றை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள், கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள். காற்றடிக்கிற நாளையும், பக்கத்துத் திடலில் மற்ற குதிரைகள் ஓடுகிற நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். பட்டாசு வெடிக்கிற தீபாவளி வாரத்தில் நடையையே நிறுத்தி வைத்தாலும் குற்றமில்லை.

இனி பட்டி. குதிரையை முதன்முதலில் தானாக நடக்க விடுகிற இடம் அது. எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் "சின்னப் பட்டி" என்று மருத்துவர் சொன்னதை அவரவர் வசதிப்படி புரிந்துகொள்கிறார்கள். அரை ஏக்கர் ஒருவருக்குச் சின்னது. முதல் பட்டி என்பது லாயத்து அறையைப்போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் நான்கு மடங்கு. அவிழ்த்துவிட்டவுடன் குதிரை ஓட்டம் எடுத்தாலும் இரண்டாவது எட்டிலேயே வேலி வந்துவிட வேண்டும். வேகம் பிடிக்க இடமே இருக்கக்கூடாது. நீளமான குறுகிய பட்டியைவிடச் சதுரமோ வட்டமோ நல்லது. நீளம் இருந்தால் ஓடிப் போய் முனையில் சறுக்கித் திரும்பும், அந்தத் திருப்பத்தில்தான் கால் போகிறது. வேலி நெஞ்சுயரத்துக்கு மேல், மரத்திலோ குழாயிலோ இருக்கட்டும். முள்கம்பி வேண்டாம். தரை சமமாக, காய்ந்து, கல்லும் குழியும் இல்லாமல் இருக்கட்டும். மழை பெய்து சேறானால் அன்றைக்கு விடுமுறை.

முதல் நாட்களில் மருத்துவர் லேசான மயக்கமருந்து எழுதித் தருவதுண்டு. அசிப்ரோமசின், டிராசடோன் போன்றவை. இதை ஏமாற்று வேலை என்று நினைத்துச் சிலர் மறுப்பார்கள். மறுக்க வேண்டியதில்லை. அரைமணி நேரம் தலை சற்றுத் தாழ்ந்து நிற்கிற குதிரை, ஒரு துள்ளலில் மூன்று மாத வேலையைக் கெடுத்துக்கொள்கிற குதிரையைவிட மேல். அளவை மட்டும் நாமாகக் கூட்டக்கூடாது. ஆண் குதிரைகளுக்கு அசிப்ரோமசினால் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் நின்றுவிடும் ஆபத்து உண்டு, அபூர்வம்தான், ஆனாலும் மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். பந்தயத்துக்குத் திரும்பப் போகிற குதிரையென்றால் மருந்து உடலிலிருந்து நீங்குகிற கணக்கையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வெளியே விடுகிற நாளின் நடைமுறை சின்னச் சின்ன விஷயங்களால் ஆனது. காலையில் தீவனம் கொடுக்காமல் பசியோடு வைத்திருந்து, பட்டிக்குள் முன்கூட்டியே புல்லை இரண்டு மூன்று இடத்தில் போட்டு வையுங்கள். துணைக் குதிரை அடுத்த வேலியில் ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருக்கட்டும். முதலில் கையில் பிடித்து இருபது நிமிஷம் நடத்துங்கள், ஏறியிருக்கிற முறுக்கு கொஞ்சம் இறங்கும். பிறகு உள்ளே அழைத்துப்போய், வாயிலைப் பார்க்கும்படி குதிரையைத் திருப்பி நிறுத்துங்கள். அதன் பின்னங்கால்கள் பட்டியின் நடுவை நோக்கி இருக்கும். நீங்கள் வாயிலுக்கும் குதிரைக்கும் நடுவில் நிற்பீர்கள். அவசரமில்லை. தலை தாழ்ந்து, மூச்சு சீராகும்வரை கயிற்றைக் கழற்ற வேண்டாம். கழற்றியதும் பின்னால் பார்க்காமல் ஓடாதீர்கள், முகம் குதிரையைப் பார்த்தபடியே ஓர் எட்டுப் பின்வாங்கி வாயிலைச் சாத்துங்கள். திரும்பி ஓடப் போகிற குதிரை அதற்கு ஒரு அரைவட்டம் போட்டாக வேண்டும், அந்த இரண்டு நொடியில் நீங்கள் வெளியே இருப்பீர்கள். அதற்குள் புல் வாசனை மூக்கில் ஏறியிருந்தால் ஓடவும் ஓடாது. முதல் நாள் கால்மணி நேரம் போதும். அது குனிந்து தின்றுகொண்டிருக்கும்போதே, சலித்துத் தலை நிமிர்த்துவதற்கு முன்பே, போய்க் கயிற்றை மாட்டி அழைத்து வந்துவிடுங்கள்.